முழுங்கி டாக்டரோட அக்கா

இல்ல மேடம், வேற யாரும் இல்ல. அந்தக் குரல் என்னோடதுதான். மறுபடியும் போட்டுக் காட்ட வேணாம், நேத்துலேருந்து என் காதுக்குள்ள அதுதான் ஓடிட்டிருக்கு. வெளிநாட்டுப் பொம்பளை யாரையும் எனக்குத் தெரியாது. எங்க தெருவைத் தாண்டி எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்களே நாலு பேர். அதுல ரெண்டு பேர் நாத்தனாருங்க.

உட்கார்றேன். ரெண்டு நிமிஷத்துக்கு மேல முடியல, அதான் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கறேன். காலைப் பாக்கறீங்களா? அது பழக்கம். வலது கால் தானா அழுத்தும். நாங்க டைப் அடிக்கற மேஜைக்குக் கீழ ஒரு மிதி இருக்கும், தையல் மெஷின்ல இருக்குமே அந்த மாதிரி. அழுத்தினா, டாக்டர் பதிவு பண்ணி அனுப்பின லெட்டரை ஹெட்போன்ல பேசுவார். விட்டா நிப்பார். குதிகாலால தட்டினா சொன்னதையே திரும்பச் சொல்வார். வீட்டுக்காரனுக்கு இந்த மாதிரி ஒண்ணு வாங்கிப் போடணும்னு எங்க செக்‌ஷன்ல சொல்லாத பொம்பளை கிடையாது. நான் பதினோரு வருஷமா மிதிக்கறேன், ஒரே டாக்டரை.

உங்க தலைக்கு மேல ரெண்டு கடிகாரம் இருக்கே, எது மேடம் இங்கிலாந்து நேரம்? இடது பக்கமா. எட்டேகால். சரி. அந்த ஆஸ்பத்திரி ஆபீஸ் ஒன்பதுக்குத்தான் திறப்பாங்க. அதுக்குள்ள நீங்க என்னை நம்பியாகணும். ஒரு லெட்டர் தப்பாப் போயிருக்கு. அங்க ஒரு வயசான அம்மாவைப் பத்தின லெட்டர். அதை அவங்க நிறுத்தணும். நேத்து நான் போன் பண்ணது அதுக்குத்தான். என் வேலை இருக்கறது போறதெல்லாம் அப்புறம். இருந்தா நல்லது, இல்லேன்னு சொல்லல.

என்ன தப்புன்னு சொல்றேன். சொல்லாம எங்க போகப்போறேன். ஆனா இப்ப சொன்னா நீங்க என்ன எழுதுவீங்க? எவளோ ஒரு வெள்ளைக்காரிக்கு நோயாளிங்க விவரத்தைக் குடுத்துட்டு, மாட்டினதும் கதை விடறான்னு எழுதுவீங்க. அந்தப் பேப்பர்ல மேலயே, வெளி ஆள் யார்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. எனக்குத் தலைகீழாவும் படிக்க வரும், டைப் அடிக்கறவங்களுக்கு இருக்கற வியாதி அது. முதல்ல அந்த வெளி ஆளை அடிச்சிடுங்க. அப்புறம் லெட்டர்.

இப்பவே பேசிக் காட்டணுமா? கூச்சமா இருக்கு. கதவைக் கொஞ்சம் சாத்தட்டுமா? வெளிய செக்யூரிட்டி அண்ணன் நிக்கறார், காலையிலேருந்து என்னைப் பாத்தாலே சுவரைப் பாக்கறார்.

வை ஐ பெட், இட்ஸ் ஹாயிங் இட் டூன்.

சிரிக்காதீங்க மேடம். மழை கொட்டுது கண்ணு, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். டேப்ல இருக்கறதும் இதேதானே? அதே இழுப்பு, கடைசியில அதே ஏத்தம். சரி, எழுதிக்கங்க. நன்றி.

எங்க கத்துக்கிட்டேன்னா, அந்த டாக்டர்கிட்டதான். அவர் எனக்குச் சொல்லித்தரல. நான் ஒருத்தி இருக்கேன்னு அவருக்குத் தெரியும், எந்த ஊர்ல இருக்கேன், கருப்பா சிவப்பா, ஒண்ணும் தெரியாது. நான் முழுக்கத் தமிழ்ல படிச்சவ. இங்கிலீஷ் அடிக்க வரும், படிச்சாப் புரியும். பேச வராது. பேசறதுக்கு ஆள் யாரு? இந்த வேலையில சேர்ந்தப்ப எனக்குப் போட்ட டாக்டர் இவர். புதுசா வர்றவங்க தலையிலதான் இவரைக் கட்டுவாங்க, பழைய ஆளுங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிடுவாங்க. இங்கிலாந்துல வடக்கு ஓரத்துல ஏதோ ஒரு ஊர், ஒரு காலத்துல கப்பல் கட்டினாங்களாம். ஒரு வார்த்தை சொன்னா பாதிதான் வெளிய வரும், மீதி உள்ள போயிடும். செக்‌ஷன்ல அவர் பேரு முழுங்கி டாக்டர்.

கேக்காத இடத்துல நாங்க ஒரு கோடு போட்டு விடணும். அதை ரெண்டாம் காதுன்னு ஒருத்தர் கேட்டு நிரப்புவார். ரெண்டாம் காதுன்னா சரிபாக்கறவர், நாங்க வச்ச பேரு. முதல் மாசம் என் லெட்டர்ல வார்த்தையை விடக் கோடு ஜாஸ்தி. டீம் லீடர் பிரிண்ட் எடுத்துட்டு வந்து, ஏம்மா இது லெட்டரா வேலியான்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா அழல. கடுப்புல ஹெட்போனைக் கழட்டிட்டு அந்த டாக்டரைக் கிண்டல் பண்ணேன். வாயைக் கோணி, நாக்கை உள்ள இழுத்து, தொண்டையில விக்கல் வந்த மாதிரி நிறுத்தி, அவர் சொன்ன ஒரு வரியை அப்படியே. சிரிச்சவங்க இன்னும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு நின்னுடுச்சு. ஏன்னா கோணின வாயோட சொல்லும்போதுதான் அந்த வரி என்னன்னு புரிஞ்சுது. காதுக்குப் புரியாதது வாய்க்குப் புரிஞ்சுடுச்சு.

அன்னைலேருந்து அப்படித்தான். மானிட்டர் ஓரத்துல சின்னதா ஒரு கண்ணாடி ஒட்டிக்கிட்டேன். அவர் ஒரு வரி சொல்வார், நான் சத்தமில்லாம வாயை அசைப்பேன், விரல் தானா அடிக்கும். பஸ்ஸுன்னா அவர் வாயில புஸ். கப்புன்னா குப். டவுன் டூன் ஆயிடும். நடுவுல ட வந்தா சொல்லமாட்டார், அந்த இடத்துல மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுட்டுத் தாண்டிடுவார், பாதையில தண்ணி இருந்தா நாம தாண்டுவோமே அந்த மாதிரி. கேள்வியே இல்லாத இடத்துலயும் கடைசியில குரல் மேல போகும். ரெண்டு வருஷத்துல என் லெட்டர்ல ஒரு கோடு கிடையாது. ரெண்டாம் காதே வேணாம், இவங்க பைல் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. எங்க செக்‌ஷன்ல நேர் பைல் எனக்கு மட்டும்தான். அதுக்கு மாலை போடல, ஆனா ஏசிக்குப் பக்கத்து சீட்டு குடுத்தாங்க.

பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, வாயில அதுதான் ஓடும். எங்க வீட்டுக்காரர், ஐயோ இவளை யாரோ பிடிச்சுக்கிட்டாங்கன்னு சிரிப்பார். அவர் அப்பக் காய்கறி மண்டியில ஏலம் விட்டுட்டிருந்தார். நான் ஒரு வரி சொல்றதுக்குள்ள அவர் ஒன்பது வரி சொல்வார், அவ்வளவு வேகம். ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு பேரும் போட்டி போடுவோம். அவர் முட்டைகோஸை ஏலம் விடுவார், நான் மூட்டு வலியை டிக்டேட் பண்ணுவேன். பக்கத்து வீட்ல சண்டைன்னு நினைச்சு ஒரு தடவை கதவைத் தட்டினாங்க.

அதனால என்ன ஆச்சுன்னா, எனக்கு வந்த இங்கிலீஷே அது ஒண்ணுதான். இங்க ஒரு கோச்சிங் வாத்தியாரைக் கூட்டிட்டு வந்தாங்க, எல்லாருக்கும் நல்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க. என்னை எந்திரிக்கச் சொல்லி உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னார். சொன்னேன். அவர் முகத்தை நீங்க பாத்திருக்கணும். கிளம்பும்போது டீம் லீடர்கிட்ட சொன்னாராம், அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் வரலைன்னு நான் சொல்ல மாட்டேன், அது யாரோட இங்கிலீஷ்னுதான் விசாரிங்கன்னு. இப்ப நீங்க அதைத்தான் விசாரிக்கறீங்க.

எட்டு முப்பத்தஞ்சு. இல்ல, தண்ணி வேணாம். இங்க நடந்துக்கிட்டே சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

டாக்டரோட அக்காவைப் பத்திக் கேட்டீங்கள்ல. டாக்டர் நிறையக் கடிதம் கார்ல போகும்போது பேசிப் பதிவு பண்ணுவார். வியாழக்கிழமை சாயங்காலம்னா பக்கத்து சீட்ல அவங்க அக்கா இருப்பாங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போவார். லெட்டர் முடிஞ்சதும் ரெக்கார்டரை நிறுத்தணும், இவர் மறந்துடுவார். நிறுத்த மறந்த பகுதி வந்தா நாங்க கேக்கக்கூடாது, குறிச்சுட்டு வெட்டிடணும், அது சட்டம். நான் கேட்டேன். எழுதிக்கங்க, கேட்டேன். லெட்டர்ல பேசற டாக்டர் வேற மேடம், அக்காகிட்ட பேசறவர் வேற. அக்காகிட்டப் பேசும்போது பாதி கூட வெளிய வராது, எல்லாம் முழுங்கல்தான். அந்தம்மா திட்டுவாங்க பாருங்க. மேல கோட்டு போட்டுக்கலையா, முடி வெட்டலையா, அம்மா இருந்திருந்தா உன்னை என்ன சொல்லியிருப்பா. அவ்வளவு பெரிய டாக்டர், ஐ ஐன்னு தலையாட்டுவார். ஐன்னா ஆமா. பொம்பளைங்க அந்தப் பேச்சை எப்படிப் பேசுவாங்கங்கறது எனக்கு அந்தம்மாகிட்டேருந்து வந்ததுதான். நேத்து டேப்ல இருக்கறதும் ஒரு வகையில அவங்க குரல்தான். அதைத் தப்புன்னா தப்புதான்.

இன்னொண்ணு. ஒவ்வொரு லெட்டர் முடியும்போதும் டைப் அடிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வார். தேங்க்ஸ் பெட். ஆரம்பத்துல அகராதியில பாத்தேன், வளர்ப்புப் பிராணின்னு போட்டிருந்துச்சு. நாயா நான்னு ஒரு வாரம் அந்த ஆள் மேல கோவமா இருந்தேன். அப்புறம் அக்காவும் கடைக்காரரை, சிக்னல்ல ரோடு தாண்டற ஆளை, எல்லாரையும் பெட்டுங்கறதைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேன். நாம கண்ணுன்னு சொல்றோமே, அது. ஒரு நாளைக்கு முப்பது லெட்டர். முப்பது தடவை கண்ணுன்னு சொல்ற ஆள் யார் வீட்ல மேடம் இருக்காங்க?

போன வருஷம் பிப்ரவரில அது நின்னுடுச்சு. ஒரு நாலஞ்சு நாள் அவரோட பைலே வரல, லீவுன்னாங்க. திரும்பி வந்தப்ப முழுங்கறது போயிடுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா, கழுவித் துடைச்சு அடுக்கின மாதிரி. புஸ்ஸெல்லாம் பஸ் ஆயிடுச்சு. கடைசியில ஏத்தம் கிடையாது. பெட் கிடையாது. தேங்க் யூ, முடிஞ்சுது. வியாழக்கிழமை கார் சத்தமும் கிடையாது. செக்‌ஷன்ல ஒரே சந்தோஷம். முழுங்கி துப்ப ஆரம்பிச்சுட்டார்டான்னு டீம் லீடர் டீ வாங்கிக் குடுத்தார். இனிமே அவரை யார் வேணா அடிக்கலாம்னாங்க. நான் மட்டும் அந்த டீயைக் குடிக்கல.

ஏன்னா எங்க வீட்ல அப்படித்தான் ஆரம்பிச்சுது. இதையும் சொல்லிடறேன், நேரம் இருக்கே. எங்க வீட்டுக்காரர் ஏலம் விடற வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. மண்டியில எல்லாரும், அண்ணே இப்பத்தான் நீங்க சொல்றது புரியுதுன்னாங்க. நானும்தான் நினைச்சேன், வயசாகுது, நிதானம் வந்துடுச்சு, சண்டையும் போட மாட்டேங்கறார், நல்லதுன்னு. அவர் நிதானமாப் பேசல மேடம், வார்த்தையைத் தேடித்தேடி எடுத்துட்டிருந்தார். அந்த, அந்தன்னு இழுப்பார், நான் சாவியாங்கன்னு கேட்டு எடுத்துக் குடுப்பேன். யாராவது வந்து ஏதாவது கேட்டா அவர் பாதியில நிப்பார், நான் மீதியைச் சொல்லி முடிச்சிடுவேன். வந்தவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கே தெரியல. நான் அவ்வளவு நல்லா நிரப்பிக்கிட்டு வந்தேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப, ஒரு வருஷம் முன்னால வந்திருக்கலாமேன்னு கேட்டார். இப்ப அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை இருக்கு. சரி. பசிக்குதான்னா சரி. வலிக்குதான்னாலும் சரி.

அதனால இந்த டாக்டர் குரல் தெளிவானதும், இது அதேதான்னு எனக்கு உறுதியாயிடுச்சு. உறுதியான மாதிரியே தப்பும் வந்துச்சு. ஏப்ரல்ல ஒரு பையனுக்கு இடது முழங்கையைப் பத்திப் பேசிட்டே வந்தவர், கடைசி பத்தியில வலதுன்னார். எங்க செக்‌ஷன்ல சுவர்ல எழுதி வச்சிருக்காங்க, கேட்டதை அடின்னு. டாக்டர் தப்பாச் சொன்னதாத் தோணினா தப்பாவே அடிச்சுட்டு, சந்தேகச் சீட்டு வைக்கணும். ஒரு மாசத்துல மூணு சீட்டுக்கு மேல போனா ஆஸ்பத்திரி பெரியவங்க அந்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் சீட்டு வைக்கல. இடதுன்னு அடிச்சுட்டேன். பழைய லெட்டரெல்லாம் எனக்கு மனப்பாடம், எதுன்னு எனக்குத் தெரியாதா?

அப்புறம் சில மாசம் ரெண்டு வரும், சில மாசம் நாலஞ்சு. தேதி மாறும், பேரு மாறும், அம்மாவைப் பொண்ணும்பார். எல்லாத்தையும் சரி பண்ணேன். நேர் பைல்தானே, யார் பாக்கப்போறாங்க. பதினாலு மாசத்துல நாப்பத்தோரு இடம். இந்தாங்க, பைல் நம்பரோட எழுதி வச்சிருக்கேன். காலையில என்னைக் கீழ உட்கார வச்சாங்களே, நீங்க வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு, அப்ப எழுதினது. கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க, ஞாபகத்துலேருந்து எழுதினேன். சரியா இருக்கும், வேணும்னா சோதிச்சுப் பாருங்க.

ஏன் மேல சொல்லலைன்னா, என்னன்னு சொல்றது? அந்த ஆள் நல்லாப் பேச ஆரம்பிச்சுட்டார், அதனால பயமா இருக்குன்னா? டீம் லீடர் என்னைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவார். அதுவும் ஒரு காரணம்தான், முழுசும் அது இல்ல. அவரைக் கூப்பிட்டுக் கேட்டுடுவாங்களே. எங்க வீட்டுக்காரரை மண்டியிலேருந்து நிறுத்தின அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன் மேடம். எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க. அதுதான் தாங்கல.

எட்டு ஐம்பது. என்ன, நீங்களும் பாக்கறீங்க இப்ப.

நேத்து. சொல்றேன். கடைசி பைல் ஒண்ணு முடிச்சேன், அப்பத்தான் அந்த லெட்டர் தப்பாப் போயிருக்கறது தெரிஞ்சுது. அங்க ஆபீஸ் மூட அஞ்சு நிமிஷம். டீம் லீடர் மேஜை போன்லதான் அந்த ஆஸ்பத்திரி லைன் இருக்கு. அவர் இல்ல. பதிவாகும்னு தெரியும், தெரிஞ்சேதான் எடுத்தேன். மெயில் போட்டா மறுநாள்தான் பாப்பாங்க, அதுவும் கம்பெனி வழியா சுத்திக்கிட்டுப் போகும். ஹலோன்னு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, டாக்டரோட செக்ரட்டரி. என் வாயைத் திறந்ததும் அந்தக் குரல் வந்துடுச்சு. வேற குரல் எங்கிட்ட இல்லையே. அவங்க என்னை அந்த ஊர்க்காரின்னு நினைச்சுக்கிட்டு, என்ன பெட், மழை எப்படி இருக்குன்னாங்க. கொட்டுதுன்னேன். இங்க ஒரு பொட்டு மழை இல்ல.

நீங்களே கேட்டீங்களே, நாலு நிமிஷ டேப்ல மூணு நிமிஷம் மழை. மழை, பஸ் லேட்டு, பஸ்ல ஜன்னல் மூடாதது, அவங்க முட்டி வலி. நான் சிரிக்கறது கூடக் கேக்குது. லெட்டருக்காக எடுத்த போன்ல இவ ஏன் சிரிக்கறான்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. பதினோரு வருஷமா அந்தப் பேச்சைக் கேக்கறேன் மேடம், பேசறேன், கண்ணாடியைப் பாத்து, பாத்திரத்தைப் பாத்து. யாரோ ஒருத்தங்க எனக்குப் பதில் சொன்னது அதான் முதல் தடவை. மூணு நிமிஷம் லெட்டரை மறந்துட்டேன். மறைக்க என்ன இருக்கு, டேப்லயே இருக்கு.

அப்புறம் யார் பேசறீங்கன்னு கேட்டாங்க. டைப் அடிக்கறவள்னா நம்புவாங்களா? இந்தக் குரலை வச்சுக்கிட்டு? அக்காவைத் தவிர அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? டாக்டரோட அக்கான்னேன். அப்புறம் அவங்க சொன்னாங்க, டாக்டரோட அக்காவைப் புதைக்கும்போது நானே போயிருந்தேன், போன வருஷம் பிப்ரவரில, யாரு நீ. வச்சுட்டாங்க. லெட்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல முடியல. திரும்ப அடிச்சேன், மூடிட்டாங்க.

எனக்கு எப்படி மேடம் தெரியும்? அவர் அதை டிக்டேட் பண்ணலையே.

போனை வச்சுட்டு நின்னப்பதான் எல்லாம் கூட்டிப் பாத்தேன். பிப்ரவரி. லீவு. வியாழக்கிழமை கார் இல்ல. அவருக்கு வியாதி இல்ல மேடம். அந்தப் பேச்சை அவர்கூடப் பேசறதுக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான். பேசறதுக்கு ஆள் இல்லேன்னா வாய் சுத்தமாயிடும் போலிருக்கு. மனசு சரியில்லாம இடதை வலதுன்னு சொல்லியிருக்கார், யாராவது கேட்டிருந்தா அக்கா போயிட்டாங்கன்னு சொல்லியிருப்பார். சீட்டு வச்சிருந்தாக் கேட்டிருப்பாங்க. நான் வைக்கலையே.

என்ன சொல்றீங்க? வேடிக்கைக்குப் பண்ணேன்னு எழுதிக் குடுக்கறதா? மன்னிப்புக் கேட்டு, மூணு மாசம் வேற செக்‌ஷன். வேலை இருக்குங்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு, நிஜமாத்தான் சொல்றேன். வீட்ல மருந்து, பாத்துக்க ஒரு ஆள், எல்லாம் என் வேலையிலதான் ஓடுது. ஆனா வேடிக்கைன்னு எழுதினா அந்தப் பட்டியலை இதுல சேக்க முடியாது. லெட்டரையும் சேக்க முடியாது. அந்தப் பேனாவை மூடிடுங்க மேடம், காஞ்சுடும்.

ஒன்பதாகப்போகுது. நம்பர் எழுதிக்கங்க, அந்தப் பட்டியல் பின்பக்கம் இருக்கு. நீங்க பேசுங்க, என்கிட்ட குடுக்காதீங்க. என் குரலைக் கேட்டா அந்த செக்ரட்டரி மறுபடியும் வச்சுடுவாங்க, செத்தவங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டா யார்தான் எடுப்பாங்க. உங்க இங்கிலீஷ் எல்லாருக்கும் பொதுவா இருக்கு, நம்புவாங்க. திங்கட்கிழமை பைல், கடைசிலேருந்து மூணாவது. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு அந்தம்மா சாப்பிடற மாத்திரை. அந்தம்மாவோட உள்ளூர் டாக்டருக்குப் போன லெட்டர்ல மாத்திரையைத் தொடரணும்னு இருக்கு. நிறுத்தணும். உள்ள எங்கயோ ரத்தம் கசியுது, அதான் நிறுத்தச் சொன்னது. இதை முதல்ல சொல்லுங்க, மழையைப் பத்திப் பேச விடாதீங்க.

அடிச்சாச்சா? ரிங் போகுதா?

டாக்டர் எப்படித் தப்பாச் சொன்னார்னு கேப்பாங்க. அவர் சொல்லல. நிறுத்தணும்னு அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கார். முந்தின ஏழு லெட்டர்லயும் தொடரணும்னு இருந்துச்சா, பாவம், மறுபடியும் மாத்திச் சொல்லிட்டார்னு நான்தான் திருத்தினேன். அந்தப் பட்டியல்ல நாப்பத்தோராவது அது. நேத்து கடைசி பைல்ல, வேற டாக்டருக்குப் போற லெட்டர்ல, அதே அம்மாவுக்கு ரத்தம் கசியுது, மாத்திரையை நிறுத்தியாச்சுன்னார். உடனே திங்கட்கிழமை பைலைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், முழுசா. கடைசியில தேங்க்ஸ் பெட்ன்னு வேற சொல்லியிருக்கார். திங்கட்கிழமை அது என் காதுல விழவே இல்ல மேடம், அவர் முடிக்கறதுக்குள்ள நான் மிதியிலேருந்து காலை எடுத்துட்டேன்.